போர்வையின் கடைசி வரிசைகள்

பிரான்சில் தம்பி வீட்டுச் சமையலறையில் ஒரு மரச்சட்டம் இருந்தது. கட்டில் அளவு நீளம். நாலு நீண்ட கம்புகள், மூலைகளில் இறுக்குவதற்கு இரும்புத் திருகுகள். துணியை அதில் இழுத்துக் கட்டி, இரண்டு கதிரைகளின் முதுகில் படுக்க வைத்துத்தான் மச்சாள் போர்வை தைப்பார். மத்தியானம் தேவாலய மணி அடித்ததும் சட்டத்தைத் தூக்கிச் சுவரோடு நிமிர்த்திவிட்டு, அந்த இடத்துக்குச் சாப்பாட்டு மேசையை இழுப்பார்கள். சாப்பிட்டு முடிந்து கோப்பைகள் கழுவியதும் மேசை ஒதுங்கும், சட்டம் திரும்பவும் வந்து படுக்கும். சட்டம் நிமிர்ந்து நிற்கும் நேரம் அரைகுறையாகத் தைத்த போர்வை சுவர் நிறையத் தெரியும். மேசையில் அநேகமாக எந்தப் பக்கம் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடவேண்டும். நாங்கள் போன கடைசிக் கோடைகளில் அந்தச் சட்டத்தில் தெரிந்தவை என் மனைவியின் சேலைகள்.

மச்சாள் என்று நான் சொல்வது தம்பியின் மனைவியை. பிரெஞ்சுக்காரி. அவரை மச்சாள் என்று சொல்ல எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அதுவரை, ஒஸ்லோவில் யாராவது விசாரித்தால், 'தம்பியின்ர வெள்ளைக்காரி' என்றுதான் சொல்வேன். தம்பி பாரிசில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில் அவரைச் சந்தித்து, அவருடைய தாய் தகப்பனின் செம்மறிப் பண்ணைக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். லிமோஜ் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே போகவேண்டும். கல்வீடு, முன்னால் ஒரு வாதுமை மரம், அதற்கு அப்பால் ஆடுகள் மேயும் சரிவு. யாழ்ப்பாணத்தான் ஒருவன் அங்கே ஆட்டுக்குக் கால்நகம் வெட்டிக்கொண்டு சந்தோசமாக இருந்ததை நான் ஒரு தோல்வி மாதிரித்தான் பார்த்தேன். நான் நோர்வேயில் முதலில் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினாலும், பிறகு படித்து, ஒஸ்லோவில் கணித ஆசிரியர் ஆனவன். அந்த நினைப்பு எனக்கு நிறைய இருந்தது.

கோடை விடுமுறையில் காரைக் கப்பலில் ஏற்றி ஜெர்மனியில் இறங்கி அங்கே போவோம். மகள் சின்னவளாக இருந்தபோது தொடங்கிய பழக்கம். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. ரொட்டியை மச்சாளின் தகப்பன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் தன் சட்டைப்பைக் கத்தியால் அறுப்பார். சூப் குடித்து முடியும் தறுவாயில் மிச்சத்துக்குள் சிவப்பு வைனை ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார். முதல் தரம் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனாள். மச்சாளும் பின்னால் போனார். முற்றத்தில் இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. ஒருவருக்கு மற்றவரின் பாசையில் ஒரு சொல்லும் தெரியாத நாட்கள் அவை.

போர்வைக்குள் வைப்பது அவர்களுடைய ஆட்டின் மயிர்தான். கழுவி, காயவைத்து, முள்ளுப் பலகையில் வாரி, இரண்டு துணிகளுக்கு நடுவில் மேகம் மாதிரிப் பரப்பி, மூன்றையும் சேர்த்து நெருக்கமான ஓட்டுத் தையலால் பிணைப்பார்கள். தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டால் துணியில் கோடு கீறுவார் மச்சாள். வளைவுக்கு, சாப்பிடும் தட்டைக் கவிழ்த்து வைத்து விளிம்பைச் சுற்றிக் கீறுவார். மேல்துணிக்குப் பழைய உடுப்புகளை வெட்டிப் பொருத்துவார். புதுத்துணி வாங்குவது அவர்களுக்கு வெட்கம். என் மனைவிக்குக் கதிரையில் இருந்து தைக்க வராது. நிலத்தில் காலை மடித்து இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். அதைக் கண்ட மச்சாள் மறுநாள் கதிரைகளை எடுத்துவிட்டு, ஆடு கட்டும் கொட்டிலிலிருந்து இரண்டு சின்ன முக்காலிகளைக் கொண்டுவந்து சட்டத்தை அதன்மேல் தாழ்த்தி வைத்தார். பிறகு தானும் நிலத்தில் இருந்தார். கால் மடிக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய தாய்க்கு அது பிடிக்கவில்லை என்று தம்பி சொன்னான். மச்சாள் கதிரைக்குத் திரும்பவில்லை.

மனைவி அவரைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவாள். அவர் மனைவியை 'அக்கா' என்பார். அந்த 'க்கா'வில் ஒரு விக்கல் மாதிரி ஓசை வரும். மனைவி தமிழில் ஊர்க்கதை, வேலைக்கதை, என்னைப் பற்றிய முறைப்பாடுகள் எல்லாம் கதைப்பாள். மச்சாள் பிரெஞ்சில் தன்பாட்டுக்கு மறுமொழி சொல்வார். ஒரு நாள் நான் மனைவியிடம் கேட்டேன், "உமக்கு அவ சொல்லுறது என்ன விளங்குது?" என்று.

"ஏன், உங்களுக்கு நான் தமிழிலை சொல்லுறது எல்லாம் விளங்குதோ?" என்றாள் மனைவி. தலையை நிமிர்த்தாமல், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. வேலை இல்லாத இடத்தில் எனக்கு இருக்கத் தெரியாது. கார் எண்ணெய் பார்ப்பேன், படலைவரை நடந்துபோய்த் திரும்புவேன், தம்பியிடம் நோர்வே பற்றிப் பெருமை பேசுவேன். அவன் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே 'ஓம் அண்ணை, ஓம் அண்ணை' என்பான். சமையலறை யன்னலால் சிரிப்பு வரும். ஒஸ்லோ வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்கவில்லை. அங்கே அவள் முதியோர் இல்லச் சமையலறையில் பின்னேர வேலை முடித்து வருவாள். நான் பிள்ளைகளின் விடைத்தாள்களோடு இருப்பேன். யார் பால் வாங்குவது, யார் மகளின் பெற்றோர் கூட்டத்துக்குப் போவது என்பதற்கு மேல் எங்களுக்குக் கதை இருக்கவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். பிரான்சில் அந்த யன்னலுக்கு வெளியில் நின்றபோதுதான் அவளிடம் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டது எனக்குச் சந்தோசம் தரவில்லை.

மச்சாள் வீட்டில் இறந்தவர்களின் உடுப்பை எறிவதில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தான் போர்த்திப் படுக்கும் போர்வையில் செத்துப்போன மாமியாரின் மேலங்கியும், சித்தப்பாவின் வேலைச் சட்டையும் இருப்பதாக மச்சாளின் தாய் சொன்னார். நான் தம்பியைப் பார்த்து, "செத்தவையின்ர உடுப்புக்குக் கீழை எப்பிடியடா நித்திரை வரும்? கேட்டுச் சொல்லு" என்றேன். தம்பி மொழிபெயர்த்தான். மச்சாள் வாய்க்குள் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு ஒரு சொல் சொன்னார். மேசையே சிரித்தது.

"என்னவாம்?"

"நல்ல சூடா வருமாம், அண்ணை."

எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் என் மனைவி.

அதற்குப் பிறகுதான் அவள் தன்னுடைய சேலைகளைக் கொண்டுபோகத் தொடங்கினாள். மகள் கல்யாணம் முடித்துப் போகும்போது கொடுப்பதற்கு ஒரு போர்வை. உயிரோடு இருக்கும்போதே தன் சேலைகளை வெட்டித் தைப்பது என்று இரண்டு பேரும் தீர்மானித்திருந்தார்கள். கோடைக்குக் கோடை வரிசை வரிசையாக வளர்ந்தது. ஹம்மர்பெஸ்டில் அவள் முதன்முதல் சம்பளத்தில் வாங்குவித்த மாம்பழ நிற நைலெக்ஸ், மகளுக்கு முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஏடு தொடக்கலுக்குக் கட்டிய நீலம், எனக்குப் பிடிக்காத ஒரு செம்மஞ்சள். கல்யாணக் கூறைச்சேலையை மட்டும் அவள் வெட்டவில்லை. எங்கள் பெண்கள் கணவனுக்கு முந்திப் போனால் அதைக் கட்டித்தான் அனுப்புவார்கள். அதைப் பகிடியாக மச்சாளுக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்தினாள். மச்சாள் சிரிக்கவில்லை.

கடைசியாகப் போன கோடையில், வரிசை முடியும்வரை இன்னும் ஒரு கிழமை நிற்போமா என்று மனைவி கேட்டாள். கப்பல் ரிக்கெற் மாற்ற ஏலாது என்று சொன்னேன். மாற்றியிருக்கலாம். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், கதைக்க முடிந்த கடைசி நாட்களில் ஒன்றில், கையை அசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. போர்வை முடியேல்லை."

"அது பிறகு பாப்பம்."

"என்ர சேலையள் எல்லாத்தையும் அங்கை கொண்டுபோய்க் குடுங்கோ. பிள்ளை முடிச்சுத் தருவா."

"ஓம்" என்றேன்.

பக்கத்தில் நான்தான் இருந்தேன். என்னிடம் சொல்ல அவளுக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போது என் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. இப்போது யோசித்தால், மகளுக்கு ஒரு போர்வை வேண்டும் என்பதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போக நினைத்திருக்கிறாள். அதைவிடப் பெரிதாக ஒரு மனுசி புருசனிடம் எதை ஒப்படைக்க முடியும். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

கூறை கட்டித்தான் அனுப்பினோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்திருந்த ஒரு பெரியவர், காரியம் முடிந்தால் செத்தவரின் உடுப்புகள் வீட்டில் இருக்கக்கூடாது, கொடுத்துவிடு என்றார். வழமையாகச் சொல்லும் சொல்தான். நான் இதையெல்லாம் ஒருநாளும் பெரிதாக எடுத்தவன் இல்லை. அன்றைக்கு எடுத்தேன். மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்து, சேலைகள், சட்டைகள், குளிர்க்கோட்டு, வெட்டி அடுக்கி வைத்திருந்த துண்டுகள் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் போட்டேன். எங்கள் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடை வாசலோடு, பழைய உடுப்புப் போடும் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் போட்டேன். கைபிடியை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் உள்ளே விழும். விழுந்ததைத் திருப்பி எடுக்க முடியாது.

மகளிடம் முறைப்படி கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் அழுதாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பனி கரைந்தபோது தம்பி தொலைபேசி எடுத்தான். பக்கத்தில் மச்சாள் நிற்பது கேட்டது.

"அண்ணை, சேலையள் எப்ப கொண்டு வருவியள் எண்டு கேக்கிறா. அக்கா போன கோடையிலையே சொல்லியிருந்தவவாம், கட்டாயம் கொண்டு வருவன் எண்டு. சட்டம் அப்பிடியே நிக்குது. அவ கழட்டவிடுறா இல்லை."

நான் யோசிக்காமல் சொன்னேன் என்று எழுத ஆசை. யோசித்துத்தான் சொன்னேன். "கடைசியிலை அவ மனம் மாறிட்டா. இல்லாதவைக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டா. நான் குடுத்திட்டன்."

தம்பி அதைப் பிரெஞ்சில் சொன்னான். என் பொய் எனக்குத் தெரியாத பாசையில் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு மச்சாள் ஏதோ சொன்னார், குரல் உடைந்திருந்தது.

"அக்கா அப்பிடியான ஆள்தானாம்" என்றான் தம்பி.

அந்தக் கோடை நான் போகவில்லை. மகள் தனியே போய், முடிந்த போர்வையோடு வந்தாள். மேல் வரிசைகள் அவளுடைய தாயின் சேலைகள். கீழே, சேலை இல்லாமற்போன வரிசைகளுக்கு, மச்சாள் தன்னுடைய உடுப்புகளை வெட்டியிருந்தார். பூப்போட்ட மேலங்கி, கோடைச் சட்டைகள், நான் பார்த்திருக்கும் ஒரு பச்சைப் பாவாடை. மகள் அதை என் முன்னால் விரித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா தன்ர சேலையை இல்லாதவைக்குக் குடுத்தவ. அதாலை சித்தி தன்ர சட்டையைக் குடுத்தவ."

அதற்குப் பிறகு இதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிநேகிதிகளிடம், கணவன் வீட்டாரிடம், தன் பிள்ளைக்கு. சொல்லும்போது அவள் முகம் தாயைப்போல ஆகும். நான் அந்த நேரம் தேத்தண்ணி போட எழும்பிப் போவேன். கதை முடிந்துவிட்டதா என்று குசினியில் நின்று காது கொடுப்பேன். வருடக்கணக்காக என் வீட்டுக்குள்ளேயே இப்படி நடந்து திரிந்தேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் மச்சாள் இறந்துபோனார். ஆட்டுக் கொட்டிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று தம்பி சொன்னான். ஊர்த் தேவாலயத்தில் நடக்கும் பூசையில் குடும்பத்தின் சார்பில் மகள் பேசவேண்டும் என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் சித்திக்காகவே பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் அவள். புறப்படுவதற்கு முதல்நாள் என் குசினியில் உடுப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டே, என்ன பேசப்போகிறாள் என்று தமிழில் எனக்குச் சொன்னாள். பேச்சின் நடுவில் அந்தப் போர்வை இருந்தது. அம்மாவின் தருமமும் சித்தியின் தருமமும். நான் சிரித்து, நல்லாயிருக்கு என்றேன்.

விமான நிலையத்தில் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தண்ணீர் வாங்கப் போனேன், கழிப்பறைக்குப் போனேன், பலகையில் நேரம் பார்க்கப் போனேன்.

"என்னப்பா, காலமை துவக்கம் இருக்கிறியளும் இல்லை, நிக்கிறியளும் இல்லை. என்ன செய்யுது?"

"நீ அந்தப் போர்வைக் கதையைச் சொல்லாதை."

"ஏன்?"

சொன்னேன். அம்மா உடுப்பை யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை, சித்தியிடம் கொண்டுபோகச் சொன்னவ, நான்தான் பெட்டிக்குள் போட்டேன், போட்டுவிட்டு அம்மா சொன்னதாகச் சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

மகள் கையில் வைத்திருந்த கடவுச்சீட்டை மூடினாள். "ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"அந்தியேட்டிக்குப் பிறகு வீட்டிலை வைச்சிருக்கிறேல்லை. முறை."

"நீங்கள் எப்பயப்பா முறை பாத்தனீங்கள்? வெள்ளிக்கிழமையிலை ஆட்டுக்கறி தின்னுற ஆள்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். யன்னல் பக்கம் திரும்பி இருந்தவள் பாரிஸ்வரை திரும்பவில்லை.

தேவாலயத்தில் குளிர். மகள் முன்னால் போய்ப் பிரெஞ்சில் பேசினாள். நான் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த வீட்டில் இத்தனை வருடமும் யார் என்ன சொன்னாலும் என் காதுக்குள் தமிழில் சொல்லுகிறவன் அவன். அன்றைக்கு அவன் வாய் திறக்கவில்லை. தன் பெண்சாதியின் சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு அழுதான். மகளின் பேச்சில், சேலைக்குப் பிரெஞ்சில் சொல்லும் 'சாரி' என்ற சொல் ஒரு தரம் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து 'பப்பா' என்றும் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சிலர் என் பக்கம் திரும்பினார்கள். தேவாலயத்தில் மனிதர்கள் சும்மாவும் திரும்புவார்கள்.

பூசை முடிந்து வீட்டில், அந்தச் சமையலறையில், அயலவர்கள் எல்லாருக்கும் சூப் பரிமாறினார்கள். மச்சாளின் தகப்பன் இப்போது உயிரோடு இல்லாததால் யாரும் வைன் ஊற்றிக் குடிக்கவில்லை. மகள் ஒரு கோப்பையை எனக்கு முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு அவள் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்க நினைத்துச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு மேலே வருவேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை, கோட்டும் கழற்றவில்லை.

"அந்தப் பெட்டி எங்கை இருந்தது? காட்டுங்கோ."

கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து கிடந்தன. இதுதான் என்றேன். அவள் அந்த நிலத்தைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கோ. முறை எண்டு சொல்லாமல்."

"அம்மா இஞ்சை ஒருநாளும் அப்பிடிச் சிரிச்சதில்லை" என்றேன். "அங்கைதான் சிரிச்சவ. சாகேக்கை கூட அதைத்தான் சொன்னவ. எனக்குப் பொறுக்கேல்லை. பொறாமைதான். வேறை ஒண்டும் இல்லை."

அவள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏற்றமான பாதை. மேலே எங்கள் மாடி யன்னல் தெரியும்.

"எல்லாத்தையும் ஒரே தரத்திலை கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை. பாரம். காவ ஏலாது. விட்டு விட்டுத்தான் கொண்டு வந்தனான்."

"அப்ப ஒவ்வொரு தரமும் வீட்டை திரும்பிப் போயிருக்கிறியள்."

அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, சனங்கள் படியேறி வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அந்த ரயிலுக்குப் போகவில்லை. அடுத்தது வந்தபோதும் போகவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன்.